ஆடுபலகையும் நட்பும்

கல்லூரி அன்னைக்கு விழாவெடுக்கும் இந்நன்னாளிலே, அவள் மடியில் வளர்ந்த மக்கள் பலரும் தத்தம் துறையிற் கண்ட உயர்வினை இம்மலரில் எடுத்தியம்புவர். மருத்துவரானோர் மருத்துவத்தையும், பொறியியலாளரானோர் அணையையும் பாலத்தையும், வணிகரானோர் கடல் கடந்த வாணிகத்தையும் பற்றி எழுதுவர். அவற்றைப் படித்து நாம் பெருமிதம் கொள்வது முறையே. ஈச்சிலம்பற்றிலே இருந்து பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் அடியேன் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. நம் விடுதியின் பின்விறாந்தையிலே கிடந்த ஒரு கரம் பலகையைப் பற்றியும், அதனைச் சுற்றியிருந்த நால்வரைப் பற்றியும், அவர் வாயிலாக யான் கண்டுகொண்ட ஓர் உண்மையைப் பற்றியுமே எழுதப் புகுகின்றேன்.

1990களின் பிற்பகுதி அது. மாலைப் படிப்பு மணி அடிப்பதற்கு முன் எமக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். பலகையின் ஒரு மூலைக் குழி வலை அறுந்து கிடந்தது; அதிற் காய் விழுந்தால் ஒருவன் நிலத்திலே தவழ்ந்து தேடல் வேண்டும். மாவு தீர்ந்துபோனால் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவுவோம். வெள்ளைக் காய் ஒன்பது, கறுப்புக் காய் ஒன்பது, நடுவிலே சிவப்பு ஒன்று. எமது செல்வம் அவ்வளவே. ஆயினும் அந்த முக்கால் மணியை எதிர்நோக்கியே அன்றைய நாள் முழுவதும் நகர்ந்தது என்றால் அது மிகையாகாது.

கரம் ஆட்டத்தின் விதிகளுள் இரண்டு என் நெஞ்சில் இன்றும் நிற்கின்றன. சிவப்பை வீழ்த்தியவன் அத்துடன் வென்றுவிட்டதாக மகிழ்தல் ஆகாது. அதனைத் தொடர்ந்து தன் காயொன்றையும் வீழ்த்தினால் அன்றிச் சிவப்பு அவனுடையதாகாது, பலகையின் நடுவுக்கே திரும்பிவிடும். இது முதல் விதி. 'ஸ்ரைக்கர்' எனப்படும் அடிகாய் குழியில் விழுந்தால், முன்பு வென்றெடுத்த தன் காயொன்றைத் திரும்பவும் பலகையில் வைத்துவிடல் வேண்டும். இது இரண்டாவது. ஆரவாரமான வெற்றியை அமைதியான முயற்சி தொடர வேண்டும் என்பதையும், பிழைத்தவன் தன் கையாலேயே ஈடு செய்ய வேண்டும் என்பதையும் எத்தனை அறநெறிப் பாடங்கள் இத்துணைத் தெளிவாகக் கற்பித்தன? எம்முடைய விறாந்தையிலே நடுவர் எவரும் இருந்ததில்லை. கைம்முட்டி கோட்டைக் கடந்தால் கடந்தவனே சொல்லுவான். சொல்லாதவனை நாம் கடிந்ததில்லை. மறுநாள் அவனுக்கு எதிரில் எவரும் அமரமாட்டார். அத்தண்டனையிற் கொடியது வேறில்லை.

இவ்விடத்தில் அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். "ஆட்டத்தைப் புகழவோ ஆசிரியர் ஒருவர் எழுதுகோல் எடுத்தார்? சூதினால் நளன் நாடிழந்ததும், தருமன் மனைவியை வைத்திழந்ததும் தமிழாசிரியர்க்குத் தெரியாதா?" என்று வினவக்கூடும். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. எம்மூர்ப் பெற்றோரும் இதனையே அஞ்சுகின்றனர். கடற்கரை வாடியிலே காசு வைத்துச் சீட்டாடி, அன்றைய கூலியை அன்றே தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய தந்தையரை அப்பிள்ளைகள் கண்டிருக்கின்றனர். ஆகவே அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட யான் ஒருப்படேன்.

ஆனால் வள்ளுவனாரிடமே நாம் விடை கேட்போம். சூது என்று ஓர் அதிகாரத்தையே, தொண்ணூற்று நான்காவதாக, அவர் வகுத்தார்; பொருளும் புகழும் கல்வியும் அதனால் அழியும் என்று எச்சரித்தார். அவரே கல்லாமை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போது, நூலறிவு நிரம்பாதவன் அவையிலே பேசத் துணிவதற்கு உவமை தேடி, கட்டம் வரையாமற் காய் நகர்த்துபவனைக் கொண்டுவந்து நிறுத்துகின்றார். ஆட்டத்துக்கு ஓர் அரங்கும் ஒழுங்கும் உண்டு, அவ்வொழுங்கு இன்றேல் அது ஆட்டமாகாது என்பதை உணர்ந்தவரே இவ்வுவமையை ஆளமுடியும். பெருநாவலர் வெறுத்தது பந்தயத்தை, பலகையையன்று. பணம் வந்து பலகையிலே அமருமாயின் நட்பு எழுந்து போய்விடும். பணம் வாராதவரையில், பலகை நட்புக்கு உறுதுணையே.

பழந்தமிழர் வாழ்விலே இவ்வாட்டங்களுக்கு இருந்த இடத்தினை ஒரு சங்கச் செய்யுள் காட்டுகின்றது. புறநானூற்றின் ஐம்பத்திரண்டாம் பாட்டு, மருதன் இளநாகனார் என்னும் புலவர் பாண்டியன் ஒருவனைப் பாடியது. அவனுடைய பகைவர் நாடு பாழ்பட்ட நிலையைச் சொல்லவந்த புலவர், எரிந்த மாளிகையையோ இடிந்த மதிலையோ அங்கே காட்டினாரல்லர். ஊர்ப் பொதுவிடத்திலே நரைத்த முதியோர் நாள்தோறும் காய் வைத்து ஆடியதனாற் குழிந்துபோன இடங்களைக் காட்டுகின்றார். ஆடுவார் ஒருவருமின்றி வெறிச்சோடிய அக்குழிகளிலே காட்டுக்கோழி முட்டையிடுகின்றது என்கின்றார். ஓர் ஊர் அழிந்தது என்பதற்கு இதனினும் ஆழமான அடையாளம் உண்டோ? முதியோர் கூடி ஆடுகின்ற வரையில் அது ஊர். ஆட்டம் ஒழிந்தபோது அது காடு.

மாணவனாயிருந்தபோது இச்செய்யுளைத் தேர்வுக்காகவே படித்தேன். அதன் பொருள் 2007 ஆம் ஆண்டிலே எனக்கு விளங்கிற்று. முந்திய ஆண்டின் போரிலே ஈச்சிலம்பற்று மக்கள் ஊரோடு பெயர்ந்து, வெருகலாற்றைக் கடந்து வாகரைப் பக்கமும், அங்கிருந்து மட்டக்களப்புப் பக்கத்து முகாம்களுக்கும் சென்றதனை நீவிர் அறிவீர். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குத் தப்பியவர்களும் அதற்குத் தப்பினாரல்லர். முகாமிலே சீமந்துத் தரையிற் கரியினாற் கட்டங்கீறிப் புளியங்கொட்டை கொண்டு தாயம் ஆடினோம். முதல் வாரத்திலே எவரும் ஆடவில்லை. இரண்டாம் வாரத்திலே கிழவியர் இருவர் தொடங்கினர். அன்றுதான் நாம் பிழைத்துக்கொள்வோம் என்று என் தாயார் கூறினார். ஊருக்கு மீண்டபோது கூரையில்லை, கதவில்லை. ஆனால் கோயில் வாயிற்படிக் கல்லிலே, ஆடுபுலி ஆட்டத்துக்காக எவரோ எக்காலத்திலோ செதுக்கிய கோடுகள் இருந்தன. செடி மண்டிக் கிடந்த அக்கல்லைத் துடைத்துவிட்டு இரு முதியோர் அமர்ந்தனர். மூன்று புலிக்குக் கற்களும் பதினைந்து ஆட்டுக்கு வேப்பங்கொட்டைகளும் எடுத்துவைத்தனர். காட்டுக்கோழியை விரட்டிவிட்டு ஊர் திரும்பி வந்ததனை யான் கண்ணாரக் கண்டேன்.

கல்லிற் கீறிய இத்தகைய கட்டங்கள் ஈழநாட்டின் பல பகுதிகளிலும் உள. இலங்கையின் நீர்ப்பாசனப் பகுதியிலே பணியாற்றிய ஹென்றி பாக்கர் என்னும் ஆங்கிலேயர், பண்டைய இலங்கையைப் பற்றி 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இந்நாட்டு ஆட்டங்களைத் தனியே எடுத்து விரித்துள்ளார். குளமும் கலிங்கும் ஆராய வந்த ஒருவர் குடிமக்களின் ஆட்டத்தையும் வரலாறு என மதித்தார். நம்மவரோ அதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

அன்பர்களே, நண்பர் நால்வர் ஒரு பலகையைச் சுற்றி அமர்வது சிறு செயலாகவே தோன்றும். அதனின்று விளைந்தவை சிறியனவல்ல. சென்னை மாநகரிலே 1972 ஆம் ஆண்டில், அங்கிருந்த சோவியத்துப் பண்பாட்டு நிலையத்திலே, தால் சதுரங்கக் கழகம் தோன்றியது. 1961 இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற மனுவல் ஆரோன் அதன் உயிர்நாடியாக விளங்கினார். மாலை வேளைகளிற் சதுரங்கப் பித்தர் கூடும் அவ்விடத்துக்கு வந்தமர்ந்த சிறுவருள் ஒருவரே, 1988 இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டராகிப் பின்பு உலக வாகை சூடிய விசுவநாதன் ஆனந்த். அவர் வழிவந்த தலைமுறையிலே, அதே சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024 டிசம்பரில், தம் பதினெட்டாம் வயதிலே, சிங்கப்பூரில் உலக வாகையர் ஆனார். கரம் ஆட்டத்துக்கும் சென்னையே தாய்வீடு போன்றது. சர்வதேசக் கரம் சம்மேளனம் 1988 இல் அங்கேதான் அமைந்தது. 1991 இல் டெல்லியில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் வென்றவரும் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயமே.

மேனாட்டையும் சற்று நோக்குவோம். அமெரிக்க நாட்டில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலே, கேரி கைகாக்ஸ் என்பவர் 1967 இல் தம் வீட்டுக்குப் போர்க்கள ஆட்டங்களில் ஈடுபாடுடைய நண்பர் சிலரை அழைத்தார். வீடு கொள்ளவில்லை. மறு ஆண்டு ஊர் மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அனைவரையும் வரவேற்றார். 'ஜென் கான்' என்னும் அக்கூடல் இன்று இண்டியானாபொலிசு நகரிலே ஆண்டுதோறும் பல்லாயிரவரை ஈர்க்கின்றது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்து ஆட்டச் சந்தையும், 1983 இல் ஓர் ஆட்ட இதழின் வாசகர் கூடிய சிறு கூட்டமே. 2024 இல் அங்கு சென்றோர் தொகை இரண்டு இலட்சத்தை விஞ்சிற்று. அந்நாட்டிற் பல் செய்யும் தொழிலில் இருந்த கிளவுஸ் தொய்பர் என்பவர், தாம் புனைந்த ஆட்டங்களை முதலிற் தம் மனைவி மக்களோடு ஆடிப் பார்த்தார். 1995 இல் வெளிவந்த அவருடைய 'கட்டான்' ஆட்டம் உலகமெங்கும் பரவிற்று. இவையெல்லாம் அரசாணையாலோ பெருமுதலாலோ பிறந்தவையல்ல. "நாளைக்கும் வா" என்று ஒருவர் மற்றொருவருக்குச் சொன்ன சொல்லாலே பிறந்தவை.

நம்மவர்க்கும் இது புதிதன்று. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம் பழைய மாணவர் கூடுமிடத்து, உணவுக்குப் பின் மேசையில் வருவது எது? முந்நூற்று நான்கு அன்றோ! ஜாக் முப்பது, ஒன்பது இருபது, ஆசு பதினொன்று, பத்து பத்தே, இராசா மூன்று, இராணி இரண்டு. இனமொன்றுக்கு எழுபத்தாறாக நான்கினத்துக்கும் கூட்டினால் வருவது முந்நூற்று நான்கு. எதிரெதிரே அமர்ந்த இணையர் வாய்பேசல் ஆகாது. துரும்பு எதுவென்று காட்டல் ஆகாது. இருப்பினும் ஒருவர் எண்ணத்தை மற்றவர் அறிதல் வேண்டும். நாற்பது ஆண்டு பனியில் வாழ்ந்தவரும் அவ்வாட்டத்திலே அமர்ந்தவுடன் திருக்கோணமலைக் கடற்கரைக்குத் திரும்பிவிடுகின்றார்.

இனி, யான் சொல்லவந்த செய்திக்கு வருகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் எம் பாடசாலை மாணவர் நால்வரைக் கரம் போட்டி ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். விடியுமுன் எழுந்து பேருந்தேறி, காலை எட்டு மணிக்குள் மண்டபத்தை அடைந்தோம். போட்டி விலகல் முறையில் நடந்தது. அதாவது ஒருமுறை தோற்றவர் விலகிவிடல் வேண்டும். ஒன்பதரை மணிக்குள் எம்மவர் நால்வரும் தோற்றனர். திரும்பும் பேருந்து மாலையிலேதான். அன்று முழுவதும் அந்நால்வரும் சுவரோரமாக வாங்கில் அமர்ந்து, பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஓய்வாகக் கிடந்த பலகை ஒன்றிலே சற்று ஆடிப்பார்க்க அனுமதி கேட்டேன். அது போட்டிக்கு உரியது என்றனர். அவர்கள் மேற் குறை கூறேன்; அவர்க்கு விதித்த ஒழுங்கு அது. ஆனால் அந்நால்வருள் மூத்தவன் அதன்பின் கரம் பலகையைத் தொடவேயில்லை. "ஐயா, நாங்கள் தோற்கத்தானே போனனாங்கள்" என்றான். அச்சொல் இன்றுவரை என் காதில் ஒலிக்கின்றது.

அவன் சொன்னது கணக்கிலும் மெய்யே. முப்பத்திருவர் ஆடும் போட்டியில் விலகல் முறையைக் கைக்கொண்டால் முதற் சுற்றிலேயே பதினாறு பேர் ஒரு வெற்றியுமின்றி வீடு திரும்புவர். ஐந்து சுற்றிலும் ஆக முப்பத்தோர் ஆட்டம் நடைபெறும். மிகுந்த பயிற்சி வேண்டியவனுக்கு மிகக் குறைந்த ஆட்டம், வேண்டாதவனுக்கே மிகுதி. கல்வியில் இவ்வாறு செய்வோமா? எழுத்துப் பிழை விட்ட மாணவனை முதற் பாடத்தோடு வெளியேற்றி, பிழை விடாதவனுக்கு மட்டும் மேற்கொண்டு கற்பிக்கும் ஆசிரியரை நாம் ஆசிரியர் என்போமா?

இதற்கு மாற்று உண்டு. சுவிற்சர்லாந்தின் சூரிச்சு நகரிலே 1895 இல் நடந்த சதுரங்கப் போட்டியில் முதன்முதற் கையாளப்பட்டமையாற் சுவிசு முறை என்று பெயர் பெற்றது. 2022 இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட்டின் பதினொரு சுற்றும் அம்முறையிலேயே நடந்தன. அதன் இயல்பு எளிது: எவரும் விலக்கப்படார். வென்றவர் அடுத்த சுற்றில் வென்றவரோடும், தோற்றவர் தோற்றவரோடும் ஆடுவர். ஒருமுறை ஆடிய இருவர் மறுமுறை தம்முள் ஆடார். முப்பத்திருவர்க்கு அதே ஐந்து சுற்றே போதும். வெற்றி தோல்வியின்றி முடியும் ஆட்டம் இல்லையெனக் கொண்டால், ஐந்திலும் வென்றவர் ஒருவர், நான்கில் வென்றவர் ஐவர், மூன்றில் வென்றவர் பதின்மர், இரண்டில் பதின்மர், ஒன்றில் ஐவர், ஒன்றிலும் வெல்லாதவர் ஒரே ஒருவர். அங்கே பதினாறு பேர் வெற்றியின் சுவையறியாது திரும்ப, இங்கே முப்பத்தொருவர் அச்சுவையறிந்து திரும்புகின்றனர். வாகையர் யார் என்பதும் ஐயமின்றித் துணியப்படுகின்றது. எஞ்சிய அவ்வொருவனும் ஐந்து ஆட்டம் ஆடியவன். ஐந்து பேரை அறிந்தவன்.

ஆயின் இதற்கு ஒரு விலை உண்டு. முப்பத்தோர் ஆட்டம் எண்பது ஆகின்றது. பதினாறு பலகைகள் இறுதிவரை வேண்டும். இடமும் மேசையும், பெயர் பதிந்து இணை வகுக்கும் பொறுமையாளர் இருவரும் வேண்டும். பலரும் விலகல் முறையை நாடுவது இச்செலவுக்கு அஞ்சியே. இங்கேதான் பழைய மாணவர் சங்கத்தின் கடமை தொடங்குகின்றது என்பது எமது துணிபு.

விழாவை நினைவுகூரும் வகையில் வளைவு ஒன்று எழுப்பலாமா, கேடயம் ஒன்று நிறுவலாமா என்று ஆராயும் பெரியோர்க்கு யான் பணிந்து விடுக்கும் விண்ணப்பம் இது. வளைவு வேண்டா, கேடயமும் வேண்டா. பதினாறு பலகைகள் தாருங்கள். கரமும் சதுரங்கமும் பாதி பாதியாகட்டும். தாயமும் பல்லாங்குழியும் ஆடுபுலியும் எம்மூர் முதியோர் கொண்டுவருவர். ஆண்டுக்கொருமுறை, பாடசாலை விடுமுறையில் ஒரு சனியும் ஞாயிறும், ஈச்சிலம்பற்றிலே ஓர் ஆட்டக் கூடல் நடத்துவோம். நகரத்திலே அன்று, ஈச்சிலம்பற்றிலே. எம் பிள்ளைகள் நகரத்துக்கு வந்து தோற்றது போதும். ஒருமுறை நகரத்துப் பிள்ளைகள் இங்கு வந்து எம்மோடு ஆடட்டும். ஓடத்துக்குக் காத்திருந்த காலம் கழிந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் வெருகல் வரையிலுள்ள துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. பாலம் எழுந்தும் ஊர்களுக்கிடையே போக்குவரத்து இல்லையாயின் அதனாற் பயன் என்?

இக்கூடலிலே மூதூர், தோப்பூர் முசுலிம் நண்பரும் சேருவில சிங்கள நண்பரும் வந்தமர்தல் வேண்டும். நாம் பல்லாங்குழி என்பதனை அவர் ஒலிந்த கெளிய என்பர். குழியும் ஒன்று, குன்றிமணியும் ஒன்று. மொழி புரியாதார் இருவர் கரம் பலகையின் இருபுறத்திலும் அமர்ந்து ஒரு சொல்லும் இன்றி ஒரு மணி நேரம் உரையாடிவிட முடியும். போர் ஒழிந்த பின்பும் ஒருவரையொருவர் அஞ்சும் எம் பகுதிக்கு இதனிற் சிறந்த மருந்தை யான் அறியேன்.

பெண்பிள்ளைகளையும் மறத்தல் ஆகாது. சனசமூக நிலையத்துக் கரம் பலகை ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்பதுபோல ஒரு வழக்கம் எம்மூரில் வேரூன்றிவிட்டது. பெண்கள் வீட்டுக்குள்ளே பல்லாங்குழியோடு அமைந்துவிடல் வேண்டுமாம். சென்னையில் ஓட்டோ சாரதி ஒருவரின் மகளான காசிமா என்னும் இளம்பெண், 2024 இல் அமெரிக்காவில் நடந்த கரம் உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வென்ற செய்தியை என் வகுப்பிலே வாசித்தேன். பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி, "அவவுக்குப் பலகை ஆர் குடுத்தது ஐயா?" என்று கேட்டாள். அவள் பதக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை; பலகையைப் பற்றியே கேட்டாள். அக்கேள்விக்கு நம் கூடல் விடையாகட்டும்.

"இக்காலத்துப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே ஆடுகின்றனரே, பலகை எதற்கு?" என்பார்க்கும் ஒரு சொல். கைப்பேசியைப் பழித்துப் பயனில்லை. உலகின் மறுகோடியில் உள்ளவனோடு சதுரங்கம் ஆட வழிசெய்த கருவி அது. ஆனால் அங்கே தோற்கும் நிலை வந்தால் அணைத்துவிட்டு எழுந்துவிடலாம். பலகையிலே அது இயலாது. தோற்ற பின்பும் எதிரிலிருப்பவன் முகத்தை நோக்கல் வேண்டும். இருவரும் சேர்ந்து காய்களைப் பொறுக்கிப் பைக்குள் இடல் வேண்டும். நட்பு வளர்வது ஆடும்போது அன்று, காய் பொறுக்கும்போதே. அவ்வளவு நேரமும் பகைவராயிருந்தோர் அப்போது ஒரே வேலையிற் கைகோக்கின்றனர்.

இறுதியாக, விறாந்தையில் அமர்ந்த நால்வரிடம் திரும்புகின்றேன். ஒருவன் இன்று கனடாவில் இருக்கின்றான். ஒருவன் வெருகலிலே வயல் செய்கின்றான். ஒருவன் இவ்வுலகில் இல்லை. போன மார்கழியிலே கனடாவிலிருந்து வந்தவன், வரும்போதே சட்டைப் பைக்குள் ஒரு ஸ்ரைக்கரைக் கொண்டுவந்தான். மூவரும் அமர்ந்தோம். நான்காம் பக்கம் வெறுமையாய் இருந்தது. சற்று நேரம் எவரும் காய் அடுக்கவில்லை. அப்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனை உள்ளே அழைத்தேன். முன்னொருநாள் ஒன்பதரை மணிக்குத் தோற்று, மாலைவரை வாங்கில் அமர்ந்திருந்தவன் அவன். தயங்கித் தயங்கி வந்து நான்காம் பக்கத்தில் அமர்ந்தான். அன்றும் அவன் தோற்றான். எழுந்து போகும்போது, "நாளைக்கும் வரட்டோ ஐயா?" என்று கேட்டான்.

தோற்றவனை அவ்வாறு கேட்கச் செய்வதே ஆட்டத்தின் பயன். கல்வியின் பயனும் அதுவே. அவனுக்கும் அவனைப் போன்ற பலர்க்கும் "வா" என்று சொல்லும் வாய்ப்பினை இவ்விழா நமக்கு அளிக்கட்டும். கல்லூரி அன்னை நீடு வாழ்க.